ஏழாம் வகுப்பில் மழைநீர்ச் செயல்திட்டம்: பாடமும் முடிய வேண்டும், பிள்ளைகளும் உண்மையாகவே செய்ய வேண்டும்

கேள்வி: ஊருணிக்கரை (ராமநாதபுரம் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாக அறிவியல் எடுக்கிறேன். ஆள் பற்றாக்குறையால் கணக்கும் என்னிடமே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் 34 பிள்ளைகள். பருவத்தின் இடையில் நடக்கும் வளரறி மதிப்பீட்டில், செயல்பாடுகளுக்குரிய (அ) பகுதிக்காக ஒவ்வொரு பருவத்திலும் செயல்திட்டம் கொடுக்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், பதிவேட்டை முடித்து அலமாரியில் வைக்கிறோம். அந்த மதிப்பெண்ணுக்கும் பிள்ளைகள் கற்றதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

சென்ற பருவத்தில் "நீர்ச் சிக்கனம்" என்று தலைப்புக் கொடுத்தேன். வந்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கடையில் வாங்கிய ஒரே படம், ஒரே குழாய், ஒரே சொட்டு. இரண்டு பிள்ளைகள் தெர்மாகோலில் அழகான வீடு செய்து, அதன் கூரையிலிருந்து உறிஞ்சுகுழல் ஒன்றைக் கீழே இறக்கியிருந்தார்கள். "மழை பெய்தால் இந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வரும்?" என்று கேட்டபோது, அப்படி ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்பதே அவர்களுக்கு வியப்பாக இருந்தது. வீட்டைச் செய்தது அண்ணன் என்பதும் பிறகு தெரிந்தது.

எங்கள் பள்ளியில் கான்கிரீட் தளம் போட்ட கட்டடம் ஒன்றும், அதன் பக்கத்தில் 5,000 லிட்டர் தொட்டி ஒன்றும் உள்ளன. தளத்திலிருந்து தொட்டிக்கு வரும் பிவிசி குழாய் உடைந்து பல காலம் ஆகிறது. இதையே வரும் ஆண்டின் செயல்திட்டமாக்கலாமா என்று யோசிக்கிறேன். தயக்கங்கள் பல. நாற்பது நிமிடப் பாடவேளையில் எதைத் தொடங்கி எதை முடிப்பது? இதற்குள் இறங்கினால் பாடப்பகுதி பின்தங்காதா? குழுவாகச் செய்யச் சொன்னால் நான்கு பேர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் வழக்கத்தை எப்படி மாற்றுவது? இதைத் தம் வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும். பயிற்சியில் கொடுக்கும் பொதுவான அறிவுரைகள் என்னிடம் கட்டுக்கட்டாக உள்ளன.

பதில் 1: கரிசல்மண் (விருதுநகர் மாவட்டம்)

வணக்கம் டீச்சர். உங்களுக்குத் தேவையான பொருள் பள்ளி வளாகத்திலேயே கிடக்கிறது என்பதால் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன். மாற்ற வேண்டியது தலைப்பை. "நீர்ச் சிக்கனம்" என்று கொடுத்தால் பிள்ளை கடைக்குத்தான் போகும். அதற்குரிய படம் கடையில் இருக்கிறது. "நம் பள்ளித் தளத்தில் விழும் மழை நம் கழிப்பறைகளுக்கு எத்தனை நாளைக்குப் போதும்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு விடை எந்தக் கடையிலும் கிடைக்காது, கைப்பேசியில் தேடினாலும் வராது, அண்ணனுக்கும் தெரியாது. முக்கியமாக, வகுப்பில் அதைக் கேட்கும் நாளில் உங்களுக்கே தெரியாது. ஆசிரியருக்கு விடை முன்பே தெரிந்திருந்தால் பிள்ளைகள் அளவெடுப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

இனி கால அட்டவணைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பு முதல் பருவ அறிவியலில் முதல் பாடமே அளவீட்டியல். பரப்பு, பருமன், அடர்த்தி எல்லாம் அதில் வருகின்றன. தளத்தின் பரப்பைக் கண்டுபிடிக்கும் வேலையை அந்தப் பாடத்தின் பயிற்சிக் கணக்காகவே வைத்துவிட்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அது அப்படியே இரண்டாம் பருவத்தில் விழுகிறது. ஆக முதல் பருவத்தில் அளவெடுத்து வைத்துக்கொண்டு இரண்டாம் பருவத்தில் மழைக்குக் காத்திருக்கலாம். மழையை அளக்க நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும், அதுவும் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: பிள்ளைகளை மொட்டை மாடிக்கு ஏற்றாதீர்கள். அதற்கு அவசியமும் இல்லை. மழை மேலிருந்து விழுவதால், தளம் தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அந்தப் பரப்புதான் கணக்குக்கு வேண்டும். கீழேயே சுவரை ஒட்டி நாடா பிடித்து, வெளியே நீண்டிருக்கும் பகுதிக்கு ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு அளந்தால் சரியாக வந்துவிடும். இந்த வாதத்தை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டு, "மாடிக்குப் போகாமல் மாடியை எப்படி அளப்பது?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஓட்டுக் கூரையும் இருந்ததால் சண்டை பெரிதாகவே நடந்தது. ஓடு சரிந்திருக்கிறது, எனவே அதன் பரப்பு அதிகம், எனவே அதில் அதிக மழை விழும் என்று ஒரு கட்சி. குடையைச் சாய்த்துப் பிடித்தால் அதிகமாகவா நனைகிறோம் என்று எதிர்க்கட்சி. அந்தப் பாடவேளையில் நான் பேசியது மிகக் குறைவு.

மழைமானியை நீங்களே செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து, தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்துக்குக் கீழே வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகத் திருப்பிப் புனலாக உள்ளே வைக்க வேண்டும். பாட்டிலின் அடிப்பகுதி குண்டும் குழியுமாக இருக்கும்; அங்கே கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழி என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் அளவுகோலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். சுவரும் மரமும் மறைக்காத வெளியில், அவற்றின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். இந்திய வானிலைத் துறை மழையைக் காலை எட்டரை மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது. அதே நேரத்தில் நம் பிள்ளைகளும் பார்த்துக் குறித்தால், பிறகு அரசு மழைமானியின் அளவோடு ஒப்பிடலாம். பல ஊர்களில் வட்டாட்சியர் அலுவலக வளாகத்திலேயே அப்படி ஒரு மழைமானி இருக்கிறது.

முதல் மழைக்கு முன் ஒரு கேள்வியைப் போட்டு வையுங்கள்: அகன்ற பாத்திரத்தில் மழை அதிக உயரம் நிற்குமா, குறுகிய பாட்டிலிலா? பெரும்பாலோர் அகன்ற பாத்திரம் என்பார்கள். தூக்குச்சட்டி, வெட்டிய பாட்டில், பெயிண்ட் வாளி மூன்றையும் முற்றத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். தூக்குச்சட்டியும் பாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட, வாளி மட்டும் சற்று அதிகமாகக் காட்டும். "வாளி ஏன் பொய் சொல்கிறது?" என்று கேட்டால், வாய் அகன்று அடி குறுகியிருப்பதை யாராவது ஒரு பிள்ளை கவனித்துச் சொல்லும். மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறோம் என்பது அந்த இடத்தில் புரிந்துவிடும். நான் கரும்பலகையில் எழுதி விளக்கிய ஆண்டுகளில் இது புரிந்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் தளம் 20 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் என்று வைத்துக்கொண்டால் 120 சதுர மீட்டர். உங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. பெருக்கினால் 96,000 லிட்டர். தெறிப்பு, ஆவி, தளம் உறிஞ்சுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 76,800 லிட்டர் மிஞ்சும். பள்ளியில் 210 பேர் இருந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றால் 1,050 லிட்டர். ஆக 73 நாளுக்குப் போதும். பிள்ளைகள் இந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்திருக்கும்போது தொட்டியைக் காட்டுங்கள். 5,000 லிட்டர் தொட்டி, அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கழித்த பிறகும், 52 மில்லிமீட்டர் மழையிலேயே நிறைந்துவிடும். ஐப்பசியில் ஒரே இரவில் அவ்வளவு பெய்வது உண்டு. மறுநாள் பெய்வதெல்லாம் வழிந்து ஓடும். அப்போது கேள்வி தானாகவே மாறுகிறது: தளம் எவ்வளவு பிடிக்கும் என்பது போய், தொட்டி எத்தனை முறை காலியாகி நிறையும், வழிவதை எங்கே விடுவது என்று கேட்கத் தொடங்குவார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, பெரும்பாலான வீடுகளில் தொட்டி கட்டாமல் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழிவழியாக நிலத்துக்குள் ஏன் விட்டார்கள் என்பதற்கான காரணம் அவர்கள் நோட்டிலேயே இருக்கும்.

பதில் 2: மேசைமணி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

கரிசல்மண் அவர்கள் எழுதியதை ஆர்வத்துடன் படித்தேன். இருந்தாலும் கொஞ்சம் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டியிருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தது, பாட அட்டைகளும், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படிகளும் வந்தன. மேல்வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. நான் ஓய்வு பெற்ற பிறகு 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது முந்தையதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டோம். ஆகவே புதிய பெயர்களைக் கண்டால் எனக்கு உடனே உற்சாகம் வருவதில்லை. இதுவும் புதியது அன்று. அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் செயல்திட்ட முறை பற்றி எழுதியது 1918-இல். நம் நாட்டில் கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்று காந்தியடிகள் வார்தா மாநாட்டில் முன்வைத்தது 1937-இல்.

என் கவலை ஏழாம் வகுப்பில் பெருக்கலே தடுமாறும் பிள்ளையைப் பற்றியது. 34 பேரில் அப்படி எட்டுப் பத்துப் பேராவது இருப்பார்கள் என்பது டீச்சருக்கும் தெரியும். "நீயே கண்டுபிடி" என்று அந்தப் பிள்ளையை விட்டால், நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து கைதட்டுவது போலாகும். கெட்டிக்காரப் பிள்ளை கணக்குப் போடும், தடுமாறும் பிள்ளை நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் விழும். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால் மூளையின் செயல்நினைவு சுமை தாங்காமல் போகும் என்று வாதிட்டது. அதை மறுத்தவர்களும் உண்டு, வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் அந்தக் கட்டுரையின் கவலையை என்னால் தள்ள முடியவில்லை.

ஆகவே நான் சொல்வது: பரப்புக் கணக்கை முதலில் நேராக, பழைய முறையிலேயே சொல்லிக் கொடுங்கள். செவ்வகம், அலகு மாற்றம், பெருக்கல், மீட்டரைச் சென்டிமீட்டராக்குவது எல்லாம் கரும்பலகையில் நடக்கட்டும். பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலோர் தேறிய பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். செயல்திட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டியது பள்ளித் தளத்தைப் பற்றியதாக இருக்கட்டும். நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து கற்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு அமைப்புகள் தொடங்கி, 1982-இல் உருவான ஏகலவ்யா என்ற அமைப்பு பின்னர் பொறுப்பேற்று நடத்திய திட்டம் அது. பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள், பூச்சிகளின் வாழ்க்கைச் சுற்றைப் பார்த்தார்கள், தம் ஐயங்களைச் "சவாலிராம்" என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினார்கள். கிராமப் பள்ளிகளில் அது முப்பது ஆண்டு நின்றதற்கு எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம், அங்கே தேர்வையும் மாற்றினார்கள் என்பதுதான். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருந்தன. ஆண்டு முழுதும் வயலில் திரிந்த பிள்ளையை இறுதியில் மனப்பாடக் கேள்வியால் அடிக்கவில்லை. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது தனிக் கதை. நம் டீச்சர் மாநிலத் தேர்வை மாற்ற முடியாது. ஆனால் வளரறி (ஆ) சிறுதேர்வின் வினாத்தாளை அவர்தானே எழுதுகிறார்? அதில் மழைமானியிலிருந்து ஒரு கேள்வி வரட்டும். பிள்ளைகள் அன்றைக்கே இதைப் பாடம் என்று நம்பத் தொடங்குவார்கள்.

பதில் 3: தெற்குமாசிவீதி (பெற்றோர், மதுரை)

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் ஒரு பெற்றோராகக் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் மகள் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அங்கே செயல்திட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தெர்மாகோல் தேடி நான் தெருத்தெருவாக அலைவது என்று பொருள். சூரியக் குடும்பம், எரிமலை, மனித இதயம் என்று எல்லாமே ஃபேன்சி ஸ்டோரில் ஆயத்தமாக விற்கிறார்கள். எந்தப் பள்ளிக்கு எந்த வாரம் எது வேண்டும் என்பதும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் எரிமலை புகை கக்குகிறது, மற்றப் பிள்ளையின் எரிமலை கக்குவதில்லை, மதிப்பெண்ணும் அப்படியே விழுகிறது.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: வேலை முழுவதும் பள்ளி நேரத்தில், பள்ளி வளாகத்தில், பள்ளிப் பொருள்களைக் கொண்டு நடக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவருவது கேள்வியாக மட்டும் இருக்கட்டும். "நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது?" என்று மகள் கேட்டால் நானும் உட்கார்ந்து எண்ணத் தயார்.

பதில் 4: வள மையத்திலிருந்து (ஆசிரியர் பயிற்றுநர்)

குழுவும் மதிப்பெண்ணும் பற்றி டீச்சர் கேட்டதற்கு இதுவரை முழுமையான பதில் வரவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும்போது நான் அடிக்கடி காண்பது இது: குழுவில் ஆண் பிள்ளைகள் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், பெண் பிள்ளைகள் அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாகவே அமைந்துவிடுகிறது. ஆசிரியர் தலையிட்டுத்தான் இதை உடைக்க வேண்டும். குழுவுக்கு நால்வர் அல்லது ஐவர் போதும். அளப்பவர், குறிப்பவர், கணக்கிடுபவர், சரிபார்ப்பவர் என்று பொறுப்பைப் பிரித்து, வாரந்தோறும் சுழற்றுங்கள். இவர்களில் சரிபார்ப்பவர்தான் முக்கியம். அவர் மற்றவர்கள் அளந்ததைப் பார்க்காமல் தானாக மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. மேசைமணி ஐயா குறிப்பிட்ட, பெருக்கலில் தடுமாறும் பிள்ளை அளப்பதில் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அங்கே தொடங்கி, சில வாரம் கழித்துக் கணக்கிடுபவரின் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டியிருக்கும், அதற்கு மாற்று இல்லை.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, வளரறி (அ) பகுதிக்கு உள்ள 20 மதிப்பெண்ணில் இந்தச் செயல்திட்டத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். குழுவின் இறுதி அறிக்கைக்கு மூன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் சொந்த நோட்டுக்கு நான்கு; அதில் தேதி, அளவு, அன்று எழுந்த ஐயம் ஆகியவை அவரவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், அடித்தல் திருத்தலோடு இருந்தால் இன்னும் நல்லது. மீதி மூன்று, நீங்கள் தனியாகக் கேட்கும் ஒரு வாய்மொழிக் கேள்விக்கு. "நம் தளம் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால் தொட்டி எவ்வளவு மழையில் நிறையும்?" என்று கேட்டால் போதும். பாதி மழையில் என்று சொல்லும் பிள்ளை வேலையைச் செய்திருக்கிறது. நூற்று நான்கு மில்லிமீட்டர் என்று சொல்லும் பிள்ளையோடு இன்னும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இப்படிப் பிரித்தால் வேடிக்கை பார்த்த பிள்ளை அதிகபட்சம் மூன்றுதான் வாங்க முடியும் என்பதை முதல் நாளே வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.

நாடா, அளவுகோல், அளவுசாடி போன்றவற்றுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம், பள்ளியில் இருப்பவையே போதும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலையும் கணக்கையும் செய்து கற்பதற்காக நடக்கும் வானவில் மன்றத்தின் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வரும்போது, இந்தக் கேள்வியை அவரிடமும் பிள்ளைகளை விட்டே கேட்கச் சொல்லுங்கள். குழாயைப் பழுது பார்க்கும் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளே எழுந்து தம் கணக்கைக் காட்டிப் பேசட்டும். சார்ட்டை ஒட்டிப் பார்வையாளருக்குக் காட்டுவதைவிட, முடிவெடுக்கும் பெரியவர்கள்முன் தம் எண்ணைக் காத்து நிற்பது பிள்ளைகளை வேறு விதமாகத் தயாராக வைக்கும். நன்றாக வந்தால், 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் அனுப்பலாம். பத்து வயது முதல் பதினேழு வரையிலான பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல்களை ஆராய்ந்து எழுதும் இடம் அது, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியிருக்கிறது. ஆனால் மாநாட்டையே இலக்காக வைத்துத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கிய இடங்களில் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் மட்டும் ஆராய்ச்சியாளர்களாகி, மற்ற முப்பது பேரும் கைதட்டுபவர்களாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருணிக்கரை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. மேசைமணி ஐயா சொன்ன வரிசையிலேயே, பரப்புக் கணக்கை முதலில் கரும்பலகையில் முடித்துவிட்டு, பிறகு கரிசல்மண் சார் சொன்ன கேள்வியை வகுப்பில் போட முடிவு செய்திருக்கிறேன். மதிப்பெண்ணை மூன்று, நான்கு, மூன்று என்று பிரிப்பதற்குத் தலைமையாசிரியரும் ஒப்புக்கொண்டார். மதுரை நண்பர் சொன்ன குடக் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. குடிநீர்க் குடத்தை விலைக்கு வாங்கும் வீடுகள் இங்கே பல இருப்பதால் பிள்ளைகளுக்கு அந்த எண் ஏற்கெனவே ரூபாயில் தெரியும்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் உள்ளன. இங்கே புரட்டாசியிலிருந்து புழுதி விதைப்பு நடக்கும். மழை விழுந்துவிட்டால் களையெடுப்பு என்று பிள்ளைகள் சிலர் வாரக்கணக்கில் வராமல் போவார்கள். மழை அளக்கும் காலமும் அதுதான். வராத பிள்ளையின் நோட்டை என்ன செய்வது? இரண்டாவது, மழைமானிகளில் தண்ணீர் தேங்கி நின்றால் டெங்குக் கொசு வரும் என்று ஊராட்சி அலுவலகத்திலிருந்து யாராவது வந்து நிறுத்திவிடுவார்களோ என்று சக ஆசிரியை கேட்கிறார்.

பதில் 5: கரிசல்மண்

டீச்சர், வயலுக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு மழைமானியைக் கொடுத்து அனுப்புங்கள். வரப்பு ஓரத்தில் குச்சி நட்டுக் கட்டிவைத்து, காலையில் பார்த்துக் குறித்துவரட்டும். ஊருக்கும் வயலுக்கும் நடுவே மழை எவ்வளவு மாறுகிறது என்பது உங்களுக்குக் கூடுதல் தகவல். ஒரே ஊரில் இந்தத் தெருவில் பெய்து அந்தத் தெருவில் பெய்யாத கதையை நம் பக்கம் எல்லாரும் சொல்வார்கள், அளந்து வைத்தவர்கள் குறைவு. வகுப்புக்கு வராத நாளும் அந்தப் பிள்ளைக்கு வேலை செய்த நாளாகிவிடும், நோட்டில் இடைவெளியும் விழாது.

கொசு விஷயத்தில் சக ஆசிரியை சொல்வது நியாயமான பேச்சு. காலை எட்டரைக்கு அளந்ததும் பாட்டிலை முழுவதும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கூழாங்கல்லை அலசி, சுழிக் கோடுவரை புதுத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். மழை பெய்யாத நாளிலும் இதை விடக்கூடாது. வெயிலில் சுழி மட்டம் இறங்கிவிடும் என்பதால் எப்படியும் தினமும் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் நாள்தோறும் மாற்றும் தண்ணீரில் அது வளர வழியில்லை. சனி, ஞாயிறு, தீபாவளி விடுமுறைக்கு மட்டும் பள்ளிக்கு அருகில் வீடுள்ள இரண்டு பிள்ளைகளை முறை வைத்து ஏற்பாடு செய்யுங்கள். திங்கள்கிழமை மூன்று நாள் மழையை மொத்தமாக அளந்து எழுதினால், "மூன்று நாள் சேர்த்து" என்று நோட்டில் தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சரிபார்ப்பவர் அதை ஒரே நாள் மழை என்று எடுத்துக்கொண்டு தொட்டியை நிரப்பிவிடுவார்.